லினக்ஸுக்கு ஒத்துப்போகும் மலிவான பிரிண்டர் எது? (ஸ்கேனரும் வேலை செய்ய வேண்டும்)

2024 ஆகஸ்ட் 4, காலை: கேள்வி

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தது. விண்டோஸ் மிகவும் மெதுவாகிவிட்டதால் தம்பி மகன் அதற்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். இப்போது நன்றாக ஓடுகிறது. பிரிண்ட், ஸ்கேன், நகல் மூன்றும் செய்யும் ஒரு பிரிண்டர் வாங்க வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் முடியாது. வினாத்தாள், ஆதார் நகல், சின்னவனின் பள்ளிக்கு வண்ணப் படங்கள், இவ்வளவுதான் தேவை. கடைக்காரர் லினக்ஸ் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எது வாங்கலாம்?

2024 ஆகஸ்ட் 4, இரவு: பதில்

டீச்சர், எந்த மாடல் என்று கேட்பதற்கு முன் ஸ்கேனரைப் பற்றிக் கேளுங்கள். லினக்ஸில் பிரிண்ட் எடுப்பது எப்படியாவது நடந்துவிடும். கழுத்தை அறுப்பது ஸ்கேனர்தான். ஆல்-இன்-ஒன் என்பது பார்வைக்கு ஒரு பெட்டி. கணினியைப் பொறுத்தவரை இரண்டு கருவிகள். பிரிண்டரைக் கப்ஸ் என்ற மென்பொருள் கவனிக்கிறது. ஸ்கேனரைக் கவனிப்பது சேன் என்ற வேறொன்று. ஒன்று ஓடுகிறது என்பதற்காக மற்றொன்றும் ஓடும் என்று நம்பக் கூடாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2017-இல் கறுப்பு-வெள்ளை லேசர் ஆல்-இன்-ஒன் ஒன்று வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். பெட்டியில் லினக்ஸ் என்று அச்சிட்டிருந்தார்கள்; அது பொய்யும் இல்லை. அவர்கள் தளத்தில் ஒரு டிரைவர் (பிரிண்டரோடு பேசக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் மென்பொருள்) இருந்தது, பழைய 32-பிட் கணினிக் காலத்தது. போட்டதும் ஓடியது. இரண்டு வருடம் கழித்து நான் லினக்ஸின் அடுத்த பதிப்புக்கு மாறினேன். பிரிண்டர் தப்பிப் பிழைத்தது, ஸ்கேனர் போனது போனதுதான்.

அதன்பிறகு நான் ஆதார் நகல் எடுத்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஸ்கேனர் மூடி வெள்ளையாக, சமமாக இருக்கும். கார்டை அந்த மூடியின் மேல் வைத்துக் கைபேசியில் படம் எடுப்பேன். வீட்டில் ஸ்கேனர் இருந்தது, அதன் மேல் வைத்துத்தான் எடுத்தேன், ஆனால் ஸ்கேன் செய்யவில்லை. ஐந்து வருடம் இப்படியே ஓடியது.

மாடல் பெயர் நாளை சொல்கிறேன்.

2024 ஆகஸ்ட் 6

நேற்று சொல்வதாக ஒப்புக்கொண்ட மாடல் பெயரைச் சொல்லப்போவதில்லை. யோசித்துப் பார்த்ததில் அது தவறான உதவி என்று படுகிறது. நான் சொல்லும் எண் உங்கள் ஊர்க் கடையில் இருக்காது. அதற்குப் பக்கத்து எண் இருக்கும். "அதேதான் மேடம், புதிய மாடல்" என்பார் கடைக்காரர். அது அதே அல்ல என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரியும்.

எண்ணுக்குப் பதில் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு சொற்களைத் தேடுங்கள். ஏர்பிரிண்ட், மோப்ரியா. ஏர்பிரிண்ட் ஆப்பிள்காரர்களுக்கு, மோப்ரியா ஆண்ட்ராய்டுகாரர்களுக்கு, நமக்கென்ன என்று தோன்றும். காரணம் இருக்கிறது.

ஐபோனில் பிரிண்டர் கம்பெனியின் டிரைவரைப் போட வழி கிடையாது. ஆகவே 2010-இல் ஆப்பிள் ஏர்பிரிண்ட்டைக் கொண்டுவந்தபோது நிலைமை தலைகீழாக மாறியது. அதுவரை ஒவ்வொரு பிரிண்டரின் பாஷையையும் கணினி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது பிரிண்டர் ஒரு பொதுப் பாஷையைக் கற்றுக்கொண்டு வர வேண்டும். ஏர்பிரிண்ட் இல்லாவிட்டால் ஐபோன் வைத்திருப்பவர் வாங்கமாட்டார் என்பதால் கம்பெனிகள் கற்றுக்கொண்டன. 2013-இல் கேனன், ஹெச்பி, சாம்சங், ஜெராக்ஸ் நால்வரும் சேர்ந்து மோப்ரியா கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அதே வருடம் ஐபிபி எவ்ரிவேர் என்ற திறந்த தரமும் வந்தது. எல்லாமே அடிப்படையில் ஐபிபி என்ற ஒரே நெறிமுறையை, அதாவது அந்தப் பொதுப் பாஷையைப் பேசுபவை.

லினக்ஸ்காரர்கள் இருபது வருடம் கெஞ்சியும் கிடைக்காதது கைபேசிக்காரர்கள் புண்ணியத்தில் கிடைத்தது. பிரிண்டர் நெட்வொர்க்கில் "நான் இங்கே இருக்கிறேன், ஏ4 தெரியும், வண்ணம் தெரியும்" என்று தானே அறிவிக்கிறது. கப்ஸ் அதைக் கேட்டுப் பக்கத்தைப் படமாக்கி அனுப்புகிறது. ஸ்கேனுக்கும் இதேபோல் இஎஸ்சிஎல் என்ற நெறிமுறை உண்டு. லினக்ஸில் அதைப் பேசுவது சேன்-ஏர்ஸ்கேன். மோப்ரியா, ஏர்பிரிண்ட் குறி இருக்கும் ஆல்-இன்-ஒன்னில் ஸ்கேனும் பெரும்பாலும் வந்துவிடும். பெரும்பாலும் என்ற சொல்லைக் கவனியுங்கள்.

உங்கள் மின்ட் எந்தப் பதிப்பு? 2022-இல் வந்த 21 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் இதெல்லாம் உள்ளேயே இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 7

"டிரைவர் இல்லாமல் ஓடும் என்கிறீர்களே, அந்தப் பஸ்ஸில் யார் ஏறுவது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் 2017 முதல் டிரைவர் இருந்த பஸ்ஸில்தான் உட்கார்ந்திருந்தேன் ஐயா. இரண்டு வருடம் ஓடி டிப்போவுக்குள் போனது, பிறகு கிளம்பவே இல்லை.

2024 ஆகஸ்ட் 11

மையா, டோனரா (லேசரில் போடும் மைத்தூள்) என்று நாலு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம்.

முதலில், நாலாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் வகை இங்க்ஜெட்டைத் தொடாதீர்கள். அதன் விலை முன்பணம் மாதிரி. கார்ட்ரிட்ஜில்தான் வசூலிப்பார்கள். மிச்சமிருப்பது இரண்டு: மை டேங்க் (பாட்டிலிலிருந்து மை ஊற்றும் இங்க்ஜெட்), கறுப்பு-வெள்ளை லேசர். டீச்சருக்கு வண்ணம் வேண்டும். 15,000-க்குள் வண்ண லேசர் ஆல்-இன்-ஒன் கிடையாது. எனவே டேங்க்.

இந்த டேங்க் வந்த கதை எனக்குப் பிடிக்கும். நம் ஊரிலும் இந்தோனேசியாவிலும் கார்ட்ரிட்ஜில் துளை போட்டு, வெளியே பாட்டில் கட்டி, குழாய் விட்டு மை ஏற்றுவது ஒரு குடிசைத் தொழிலாகவே நடந்தது. ஸ்டூடியோக்காரர்கள் பலர் அப்படித்தான் ஓட்டினார்கள். 2010-இல் எப்சன் அதையே ஒழுங்காகச் செய்து, தொழிற்சாலையிலேயே டேங்க் வைத்து, முதலில் இந்தோனேசியாவில் விற்றது. பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது.

இப்போது கணக்கு. எப்சனின் 003 கறுப்பு மை 65 மில்லி. 4,500 பக்கம் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் நான் விசாரித்தபோது சுமார் 400 ரூபாய். பக்கத்துக்கு 9 பைசா. 500 தாள் கட்டு சுமார் 300 ரூபாய். தாளுக்கு 60 பைசா. மை 9 பைசா, அது எழுதப்படும் வெற்றுத்தாள் 60 பைசா! இரண்டு நாளாக இங்கே நடக்கும் சண்டை அந்த 9 பைசாவுக்காக.

முதல் முறை ஊற்றும் மையில் ஒரு பங்கு குழாய்களையும் மை தெளிக்கும் ஹெட்டையும் நிரப்பவே போய்விடும். முதல் பாட்டிலில் 4,500 வரவில்லை என்று கடைக்காரரிடம் போய் நிற்காதீர்கள்.

இன்னொன்று: நாற்பது பிள்ளைகளுக்கு வினாத்தாள் என்றால் ஒரு பிரதி மட்டும் வீட்டில் எடுத்துவிட்டு மிச்சத்தை ஜெராக்ஸ் கடையிலேயே போடுங்கள். டேங்க் பிரிண்டருக்கு 40 பிரதி கொடுத்தால் அது முடிப்பதற்குள் தேர்வு முடிந்துவிடும்.

2024 ஆகஸ்ட் 18

கேள்வி கேட்டது டீச்சர். வாங்கிவிட்டது நான்.

நேற்றுக் கடலூர் கடைவீதிக்கு வேறு வேலையாகப் போனேன். சட்டைப் பையில் மின்ட் போட்ட பென்டிரைவ் இருந்தது, பையில் மடிக்கணினி இருந்தது. (வேறு வேலை என்பதை என் மனைவி நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.) கடையில் பிரித்து வைத்திருந்த மாதிரிப் பிரிண்டர்களில் என் மடிக்கணினியைச் செருகிப் பார்க்கலாமா என்று கேட்டேன். பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியான நேரம், கடையில் கூட்டம் இல்லை. சரி என்றார்.

பென்டிரைவிலிருந்தே மின்ட் கிளம்பியது. என் கணினியில் என்னென்னவோ போட்டிருப்பேன், அது சோதனையைக் கெடுக்கும், அதனால்தான் பென்டிரைவ். கடை வைஃபையின் கடவுச்சொல்லைக் கேட்க மனம் வரவில்லை. யுஎஸ்பி கேபிளில் செருகினேன். முதல் பொறி: பிரிண்டர் பட்டியலில் பெயர் வந்தது, சோதனைப் பக்கமும் வந்தது, ஸ்கேனர் தேடினால் ஒன்றுமில்லை. பழைய கதை. இரண்டாவது: செருகிய பத்து விநாடிக்குள் பிரிண்டரும் வந்தது, ஸ்கேனரும் வந்தது. கடைக்காரரின் விசிட்டிங் கார்டையே வைத்து ஸ்கேன் செய்து காட்டினேன். அவர் குனிந்து திரையைப் பார்த்து, "சிடி போடாமலா?" என்றார்.

இரண்டாவது பொறியில் நடந்தது என்ன என்றால், ஐபிபி-யுஎஸ்பி என்று ஒரு சிறு மென்பொருள் உண்டு. யுஎஸ்பி கேபிளில் இருக்கும் பிரிண்டரை நெட்வொர்க் பிரிண்டர் போல நடிக்க வைக்கும். கேபிளுக்கு அந்தப் பக்கம் பொறிக்கும் அந்தப் பாஷை தெரிந்திருக்க வேண்டும். முதல் பொறிக்குத் தெரியவில்லை.

ஐந்து வருடம் மூடியின் மேல் படம் எடுத்தவனுக்கு அந்த விசிட்டிங் கார்டைத் திரையில் பார்த்ததும் கை தானாகப் பணப்பைக்குப் போனது. 13,800 ரூபாய். டீச்சர், உங்கள் பட்ஜெட்டில் நான் வாங்கிவிட்டேன், மன்னிக்கவும்.

2024 ஆகஸ்ட் 19

இனி கொஞ்சம் அவமானம்.

வீட்டில் முதல் பக்கம் வரவில்லை. விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மினுக்கியது. தாளை எடுத்து வைத்தேன், மூடியைத் திறந்து மூடினேன், அணைத்துப் போட்டேன். நேற்று உங்களுக்கெல்லாம் கடையில் நடந்த வீரக்கதையை எழுதிவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குப் பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

குற்றம் பிரிண்டர்மேல் இல்லை. மின்ட் போடும்போது மொழி கேட்குமே, அங்கே "ஆங்கிலம், அமெரிக்கா" என்று இருந்ததை அப்படியே விட்டிருக்கிறேன். அமெரிக்கா என்றால் தாள் லெட்டர் அளவு. நம் ஏ4 210-க்கு 297 மில்லிமீட்டர். லெட்டர் 216-க்கு 279. கணினி லெட்டர் கேட்கிறது, தட்டில் ஏ4 இருக்கிறது, பிரிண்டர் "நீ கேட்ட தாள் இல்லை" என்று நிற்கிறது. பழைய பிரிண்டர்கள் ஒன்றும் சொல்லாமல் அடித்துத் தள்ளும், ஓரம் வெட்டுப்படும். இந்தப் புதிய ரகம் வரம்பு பார்க்கிறது. பிரிண்டர் அமைப்பில் ஏ4 என்று மாற்றியதும் வந்தது. லிப்ரே ஆபிஸில் (மின்ட்டில் வேர்டுக்குப் பதில் இருப்பது) பக்க அளவைத் தனியாக மாற்ற வேண்டும், அது வேறு இடம்.

பட்டியலில் ஒரே பிரிண்டர் இரண்டு பெயரில் தெரிகிறது என்று ஒருவர் பயந்திருந்தார். பயப்பட வேண்டாம். ஒன்று கப்ஸ் தானாகக் கண்டுபிடித்தது, மற்றது நீங்கள் கையால் சேர்த்தது. ஒன்றை நீக்கிவிடுங்கள்.

2024 செப்டம்பர் 1

திருத்தம். வைஃபை இல்லாத, யுஎஸ்பி மட்டும் உள்ள மலிவு டேங்க்கை வாங்கவே கூடாது என்று தனியாகக் கேட்ட ஒருவருக்குச் சொல்லியிருந்தேன். அவர் அதற்குள் வாங்கிவிட்டார். நன்றாகவே ஓடுகிறதாம். நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன்.

எப்சனின் இஎஸ்சி-பி-ஆர் டிரைவர் திறந்த மூலம், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது, உபுண்டுவுக்கும் மின்ட்டுக்கும் அங்கிருந்து வருகிறது. ஹெச்பிக்கு ஹெச்பிலிப் என்ற தொகுப்பு, அதுவும் திறந்த மூலம், பல வருடமாகப் பராமரிக்கப்படுகிறது. ஆக, வைஃபை இல்லாவிட்டாலும் முழுக்க அநாதை இல்லை. ஹெச்பிலிப்பில் ஒரு கண்ணி உண்டு: சில மாடல்களுக்கு மட்டும் நிரல் மூடிய பிளகின் (துணை மென்பொருள்) ஒன்றைக் கூடுதலாக இறக்க வேண்டும். அது ஹெச்பிலிப் பதிப்போடு சரியாகப் பொருந்த வேண்டும். பதிப்பு மாறினால் மறுபடி இறக்க வேண்டும். ஹெச்பிலிப் தளத்தில் மாடல் பெயருக்கு நேரே பிளகின் தேவையா என்று எழுதியிருக்கும். பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என்றாலும் டீச்சர், பட்ஜெட் இடம் கொடுத்தால் வைஃபை உள்ளதையே எடுங்கள். சில கம்பெனிகளில் மாடல் எண்ணின் கடைசியில் ஒரு டபிள்யூ கூடும், விலையில் ஒன்றிரண்டு ஆயிரம் கூடும். அந்த ஒரு எழுத்துக்குத் தகும்.

2024 செப்டம்பர் 15

டீச்சர் வாங்கிவிட்டார். டேங்க், வைஃபை, மோப்ரியா குறி. என்னைவிட 600 ரூபாய் குறைவு. கடைக்காரர் முகத்தைத் திருப்பவில்லையாம். லினக்ஸ் என்ற சொல்லையே எடுக்காமல் "கைபேசியிலிருந்து நேராகப் பிரிண்ட் வருமா, காட்டுங்கள்" என்று கேட்டிருக்கிறார். நான் பென்டிரைவோடு போய்க் காட்டிய வித்தைக்கெல்லாம் அவசியமே இல்லை. செயலி எதுவும் போடாத கைபேசியிலிருந்து வந்தால் லினக்ஸிலிருந்தும் வர நியாயம் உண்டு. இது எனக்குத் தோன்றவில்லையே என்று இரண்டு நாளாக எரிச்சல்.

2024 செப்டம்பர் 17

அவருடைய முதல் புகார்: கைபேசிக்குத் தெரியும் பிரிண்டர் மடிக்கணினிக்குத் தெரியவில்லை. தீச்சுவர் (ஃபயர்வால்) திறந்திருக்கிறதா, பிரிண்டர் தன்னை அறிவிக்கும் 5353 வாசல் அடைபட்டிருக்கிறதா, ரவுட்டரில் விருந்தினர் வைஃபையா என்று நான் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டேன். அவர் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் பார்த்தால் மடிக்கணினி அவர் கணவரின் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறது, பிரிண்டர் வீட்டு வைஃபையில் இருக்கிறது. வேறு வேறு தெருவில் நின்றுகொண்டு கூப்பிட்டால் எப்படிக் கேட்கும்?

இதே சிக்கலின் இன்னொரு வடிவம்: மலிவு பிரிண்டர்களில் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸுக்கு வேறு பெயர் வைத்திருந்தால் பிரிண்டருக்கு அந்தப் பெயரே தெரியாது. அமைக்கும்போது கம்பெனிச் செயலி வேண்டாம் என்றால் ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் பொத்தானை (கடவுச்சொல் அடிக்காமல் இணைப்பது) அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரிலும் அழுத்துங்கள்.

2024 செப்டம்பர் 22

காலாண்டுத் தேர்வு வினாத்தாளில் புள்ளி காணவில்லை என்று டீச்சர் படம் அனுப்பியிருக்கிறார். பார்த்தேன். "கல்" என்ற இடத்தில் "கல". "பொருள் கூறுக: மண்" என்பது "மண". மாணவர்கள் மணம் பற்றி எழுதினால் மதிப்பெண் கொடுக்க வேண்டியதுதான்.

முதலில் எழுத்துருவைச் சந்தேகித்தேன். பழைய வினாத்தாள்கள் பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கத்தில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பை போலத் தெரியும். ஆனால் அப்போது எல்லாமே குப்பையாகும், புள்ளி மட்டும் மறையாது. இவருடைய கோப்பு யூனிகோடில் இருக்கிறது, திரையில் சரியாகத் தெரிகிறது. கணினியே பக்கத்தைப் படமாக்கி அனுப்புவதால் பிரிண்டருக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

காரணம் டிராஃப்ட் தரம். மை மிச்சம் பிடிக்க டிராஃப்ட்டில் வைத்திருக்கிறார். அதில் பொறி துளிகளைக் குறைத்து அள்ளித் தெளிக்கிறது. ஆங்கில எழுத்துக்குத் தாங்கும். 10 அளவுத் தமிழில் புள்ளி என்பதே கொஞ்சம் துளிகள்தான். அதில் பாதி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடுகிறது. சாதாரணத் தரத்துக்கு மாற்றச் சொன்னேன். 9 பைசாவில் மிச்சம் பிடிக்கப் போய் இலக்கணம் போயிற்று. அந்தக் கணக்கைப் போட்டவன் நான்தான், பழி எனக்கும் உண்டு.

2024 செப்டம்பர் 29

மூன்று நாளாக எல்லோரும் கேட்பதால்: ஆமாம், கப்ஸில் பாதுகாப்பு ஓட்டை என்ற செய்தி உண்மை. 26-ஆம் தேதி சிமோனே மார்கரிடெல்லி என்ற ஆய்வாளர் வெளியிட்டார். கப்ஸ்-பிரௌஸ்டு என்ற துணை மென்பொருள் யூடிபி 631 வாசலில் யார் வந்து "நான் பிரிண்டர்" என்றாலும் நம்பிவிடுகிறது. வந்தவன் போலி பிரிண்டரைச் சேர்த்துவிட்டால், அதில் நீங்கள் பிரிண்ட் கொடுக்கும்போது உங்கள் கணினியில் அவன் கட்டளை ஓடும். வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு இணையத்திலிருந்து நேரடி ஆபத்து குறைவு. கல்லூரி, விடுதி, ரயில் நிலைய வைஃபை என்றால் கவனம். மேம்பாட்டை (அப்டேட்) போடுங்கள். கப்ஸ்-பிரௌஸ்டை நிறுத்தினாலும் புதிய பிரிண்டர்களைக் கப்ஸ் தானே கண்டுகொள்ளும். நான் நிறுத்திவிட்டேன், ஒன்றும் குறையவில்லை.

2024 அக்டோபர் 12

நேற்று ஆயுத பூஜை. அம்மா எல்லா ஆயுதங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பிரிண்டருக்கு மூடியில் வைத்திருக்கலாம். மூடியைத் திறந்து கண்ணாடியின் நடுவில் வைத்துவிட்டார். இன்று காலை நான் எடுத்த ஒவ்வொரு நகலிலும் மையத்தில் ஒரு பொட்டு. மின்வாரிய ரசீதுக்குக்கூட மங்களகரமான தோற்றம்.

காய்ந்த சந்தனத்தைச் சுரண்ட வேண்டாம், கண்ணாடியில் கீறல் விழும். துணியை ஈரமாக்கி ஊறவிட்டுத் துடையுங்கள். துணியில்தான் தண்ணீர், கண்ணாடியில் நேராக ஊற்றக் கூடாது. விளிம்பு வழியே உள்ளே இறங்கும்.

2024 அக்டோபர் 20

கொஞ்சம் திசை மாறுகிறேன். "லினக்ஸுக்கும் பிரிண்டருக்கும் என்னதான் ஜென்மப் பகை?" என்று ஒருவர் கேட்டார். பகை இல்லை ஐயா, லினக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்ததே பிரிண்டரால்தான்.

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. தாள் அடிக்கடி சிக்கும். ரிச்சர்ட் ஸ்டால்மன் அங்கே வேலை பார்த்தார். பழைய பிரிண்டருக்கு, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி மென்பொருளில் மாற்றம் செய்து வைத்திருந்தார். புதியதற்கும் செய்யலாம் என்றால் மூல நிரல் இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். ரகசிய ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் கொடுக்க மறுத்துவிட்டார். ஸ்டால்மன் 1983-இல் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்தக் கோபம் இருந்தது. நம் மின்ட்டும் அதன் கருவிகளை வைத்துத்தான் ஓடுகிறது.

நாம் நகல் எடுப்பதற்கே ஜெராக்ஸ் என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், "நாங்கள் போட்டோக்கொப்பி என்போம், எங்களை இதில் சேர்க்காதீர்கள்" என்கிறார். சரி, சேர்க்கவில்லை.

கப்ஸும் சின்ன ஆள் இல்லை. மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997-இல் எழுதத் தொடங்கி 1999-இல் வெளியிட்டார். 2007-இல் ஆப்பிள் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டு நிரலையும் வாங்கிக்கொண்டது. 2019 கடைசியில் அவர் ஆப்பிளை விட்டு வெளியேறினார். அடுத்த வருடம் ஓப்பன்பிரிண்டிங் குழு கப்ஸைத் தன் பக்கம் பிரித்தெடுத்துக்கொண்டது. நாம் இப்போது மின்ட்டில் வைத்திருப்பது அந்தக் கிளை. ஐபோனில் பிரிண்ட் வருவதும் உங்கள் இலவச மடிக்கணினியில் பிரிண்ட் வருவதும் ஒரே குடும்பத்துக் கதை.

டீச்சர், அந்த மடிக்கணினியில் ஆரம்பத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது, நினைவிருக்கிறதா? சென்னை சி-டாக் (மத்திய அரசின் கணினி ஆய்வு மையம்) உருவாக்கியது. அரசு ஏற்கெனவே உங்களுக்கு லினக்ஸ் கொடுத்துவிட்டது. நாம்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

2024 டிசம்பர் 8

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. எங்களுக்கு மூன்று நாள் மின்சாரம் இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, அதுவே பெரிது. பக்கத்துத் தெருவில் வந்துவிட்டது.

மின்சாரம் வந்ததும் அக்கம்பக்கத்தார் ரேஷன் கார்டு, வங்கிப் புத்தக நகலுக்கு வந்தார்கள். பிரிண்டர் தாளை இரண்டிரண்டாக இழுத்தது. திறந்து கிடந்த கட்டு ஈரம் குடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. புதிய கட்டைப் பிரித்த பிறகு சரியானது. மஞ்சள் நிறத்தில் கோடு கோடாக விட்டுப்போனது. ஹெட் சுத்தம் ஒரு முறை கொடுத்து, அரை நாள் விட்டு, மறுபடி ஒரு முறை. அதற்குள் வந்துவிட்டது. பொறுமையில்லாமல் ஆறேழு முறை அடுத்தடுத்துக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு சுத்தத்திலும் வெளியேறும் மை உள்ளே ஒரு பஞ்சில் சேர்கிறது. அது நிறைந்தால் பிரிண்டர் வேலைநிறுத்தம் செய்யும். வாரம் ஒரு வண்ணப் பக்கம் எடுத்துவந்தால் இந்தத் தொல்லையே வராது.

ஆனால் மனதில் நிற்பது வேறு. எதிர்வீட்டு அக்கா ஒரு நகலை மழையில் கொண்டுபோனார். திரும்பி வந்து காட்டினார். மை கரைந்து எண்கள் எல்லாம் நீலச் சேறு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொன்று போட்டுத் தரியா தம்பி?" என்றார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. என் டேங்க்கில் இருப்பது சாய மை, தண்ணீர் பட்டால் கரையும். சில டேங்க் மாடல்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை (நிறத்தூள் கலந்தது), அது அவ்வளவாகக் கரையாது. ஆகஸ்ட் 11 கணக்கில் பைசா பைசாவாகப் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் வெளியே கொண்டுபோகும் தாள் எடுப்பவர்கள் கடையில் இதையும் கேளுங்கள்.

பரணில் கிடந்த 2017 லேசரை இறக்கினேன். டோனருக்குத் தண்ணீர் பயம் கிடையாது, காய்ந்துபோகவும் காய்ந்துபோகாது.

2024 டிசம்பர் 15

லேசர் ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியின் முதுகில் ஏறிவிட்டது. கம்பெனியின் டிரைவர் இன்டெல் வகைச் சில்லுகளுக்கு மட்டும் எழுதியது. ராஸ்பெரி பையில் இருப்பது ஆர்ம் வகைச் சில்லு, அதில் ஓடாது. ஆனால் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் எழுதிய திறந்த டிரைவர் இப்போது களஞ்சியத்திலேயே இருக்கிறது, அது எந்தச் சில்லிலும் ஓடுகிறது. கப்ஸில் பகிர்வைத் திறந்ததும், வைஃபையே இல்லாத அந்தக் கிழம் வீட்டுக் கைபேசிகள் எல்லாவற்றிலும் பிரிண்டராகத் தெரிகிறது. அக்காவின் ரேஷன் கார்டு நகலை அதில்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அதன் ஸ்கேனர் இன்னும் வரவில்லை. கேட்காதீர்கள்.

2025 ஜனவரி 19

பொங்கல் விடுமுறையில் அப்பா நிலப் பத்திரங்களை எல்லாம் ஸ்கேன் செய்து வைக்கச் சொன்னார். புயலுக்குப் பிறகு அவருக்கு அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. இங்கேதான் நான் யாருக்கும் சொல்லாமல் விட்டது இடித்தது. பத்திரத்தாள் ஏ4 இல்லை, அதைவிட நீளம். மலிவு ஆல்-இன்-ஒன்களின் கண்ணாடி ஏ4-க்குத்தான் இருக்கிறது. மேலே தாளை வைத்தால் தானே இழுத்துக்கொள்ளும் ஏடிஎஃப் உள்ள பொறிகள் பலவற்றில் லீகல் அளவு போகும், ஆனால் அவை பெரும்பாலும் 15,000-ஐத் தாண்டும். தாண்டாவிட்டாலும் நாற்பது வருடப் பத்திரத்தை உருளைகளுக்கு நடுவே விட எனக்குத் துணிவில்லை.

டீச்சரிடம் கேட்டேன். அவருக்கும் அதேதான், அவர் பத்திரங்களைக் கடையில் கொடுத்து எடுத்துவிட்டாராம், பக்கத்துக்குப் பத்து ரூபாய்.

நான் ஒவ்வொரு பக்கத்தையும் மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாக எடுத்தேன், 300 டிபிஐயில். மொத்தம் 46 பக்கம், 92 படம். இரண்டு துண்டும் சந்திக்கும் இடம் ஏறக்குறைய எல்லாப் பத்திரத்திலும் செக்குபந்தி (நிலத்தின் நான்கு எல்லை) வரிகள்மேல் விழுகிறது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து முதலில் பார்ப்பதும் அந்த வரிகளைத்தான். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டினால் அடுத்த பொங்கல் வந்துவிடும். 92 படத்தையும் மொத்தமாக, கோணல் இல்லாமல் ஒட்ட எளிய வழி தெரிந்தவர் சொல்லுங்கள். கட்டளை வரி என்றாலும் பரவாயில்லை.